மூலையில் நின்று நடுவைப் பிடிப்பது எப்படி? பி3 ஓப்பனிங்கும் ஃபியாங்கெட்டோ மந்திரியும்

மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் செஸ் ஆட உட்காருவார்கள். மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் காற்று வரும், அங்கேதான் பலகையை விரிப்பது வழக்கம். போன மாதம் இரண்டாவது மாடிப் பெண், ஆறாம் வகுப்பு படிக்கிறவள், முதல் நகர்வாக இடது ஓரத்துக்கு அடுத்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினாள். எதிரே இருந்த பையன், "இது டைம்பாஸ் ஓப்பனிங், நடுவுல ஆடத் தெரியாதவங்க ஆடறது" என்றான். பக்கத்தில் நின்ற இன்னொருவன், "இல்லடா, இதுல பெரிய டிராப் இருக்கு, நான் வீடியோல பாத்தேன்" என்றான்.

அவள் தோற்றாள். தோற்ற பிறகு என்னிடம் வந்து, "மாமா, இந்த ஓப்பனிங் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பையன்கள் இருவரும் சொன்னதைத்தான் பெரியவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சோம்பேறி ஆட்டம் என்று ஒரு கட்சி, பொறி வைக்கிற ஆட்டம் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே சரியில்லை. அந்தச் சிப்பாய் எதற்காக நகர்ந்தது என்று தெரிந்தால் மீதி தானாகப் புரியும். அதைத்தான் அடிப்படையிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பெயர்கள்

மும்பையில் செஸ் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால் முதல் சிக்கல் பெயரில் வரும். இந்தி பேசும் பிள்ளைகள் ராணியை 'வசீர்' என்பார்கள். வசீர் என்றால் மந்திரி. நாம் மந்திரி என்று சொல்லும் காயை அவர்கள் 'ஊன்ட்', அதாவது ஒட்டகம் என்பார்கள். "மந்திரியை எடு" என்றால் நம் பிள்ளையின் கை ஒரு காய்க்கும், எதிரே இருப்பவன் கண் இன்னொரு காய்க்கும் போகும். இந்தக் கட்டுரையில் மந்திரி என்றால் மூலைவாட்டில் போகும் காய், அதாவது பிஷப். ஓரத்தில் நேராகப் போவது யானை.

கட்டங்களுக்கும் பெயர் உண்டு. வெள்ளைக் காய் ஆடுகிறவர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடமிருந்து வலமாக எட்டு வரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எழுத்துகள். நம் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8 வரை எண்கள். இரண்டாவது மாடிப் பெண் பி2இல் இருந்த சிப்பாயை பி3க்குத் தள்ளினாள். அதனால் அந்த ஓப்பனிங்கையே பி3 என்று சொல்வார்கள். ஓப்பனிங் என்பது ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகள், காய்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவரும் பருவம்.

நடு என்பது எது?

பலகையின் சரியான மையத்தில் நாலு கட்டங்கள்: டி4, ஈ4, டி5, ஈ5. செஸ் சொல்லிக்கொடுக்கிற யாரும் முதல் நாளே "நடுவைப் பிடி" என்பார்கள். ஏன் பிடிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

எங்கள் கிங்ஸ் சர்க்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வட்டமாகப் பூங்கா, நாலு பக்கமிருந்தும் தெருக்கள் வந்து சேரும். தாதரிலிருந்து சயான் பக்கம் போகிற வண்டி அதைத் தொட்டுப் போகும். மாட்டுங்காவுக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அங்கே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சர்க்கிள் யார் கையில் இருக்கிறதோ அவர் எந்தப் பக்கத்துக்கும் சீக்கிரம் போகலாம், மற்றவர் போக்குவரத்தையும் நிறுத்தலாம். செஸ் பலகையின் நடுவும் இப்படித்தான். குதிரையை மூலையில் வைத்தால் அது இரண்டே கட்டங்களுக்குப் போகும், நடுவில் வைத்தால் எட்டு.

சரி, சர்க்கிளை எப்படிக் கையில் வைத்துக்கொள்வது? நேரான வழி, ஆளை அனுப்பி அங்கேயே உட்காரவைப்பது. ஈ சிப்பாயையும் டி சிப்பாயையும் இரண்டிரண்டு கட்டம் தள்ளுவது அந்த வகை. அடுத்தவர் ஆளை அனுப்பட்டும், நாம் தெருக்கோடியில் நின்று அவரைக் குறிவைப்போம் என்பது இன்னொரு வழி. கோடியில் நின்றாலும் தெரு நேராக இருந்தால் சர்க்கிள் முழுசாகத் தெரியும். பி3 இந்த இரண்டாவது வகை.

இதைத்தான் ஓர ஓப்பனிங் என்கிறோம். பலகையின் இடது அல்லது வலது ஓரப் பகுதியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினாலும் பார்வை நடுவின் மேல்தான் இருக்கும். நடுவை விட்டுக்கொடுத்துவிட்டு ஓரத்தில் விளையாடுவது என்று நினைப்பவர்கள் முதல் படியிலேயே வழி தவறுகிறார்கள்.

ஃபியாங்கெட்டோ: ஒரு சிப்பாய் ஒதுங்குகிறது, ஒரு மந்திரி வெளியே வருகிறார்

ஆட்டம் தொடங்கும்போது வெள்ளையின் ஒரு மந்திரி சி1இல் இருப்பார். முன்னால் இரண்டு பக்கமும் சொந்தச் சிப்பாய்கள். பி2 சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போனால் அந்த பி2 காலியாகும். அடுத்த நகர்வில் மந்திரி அங்கே வந்து உட்காருவார். அவ்வளவுதான். இந்த அமைப்புக்குப் பெயர் ஃபியாங்கெட்டோ. இத்தாலியச் சொல். பக்கவாட்டு, விலாப்புறம் என்று பொருள்படும் 'ஃபியாங்கோ' என்பதிலிருந்து வந்தது. சிலர் 'ஃபியான்செட்டோ' என்பார்கள், இத்தாலியர் வாயில் அது 'கெ'தான்.

பி2இல் உட்கார்ந்த மந்திரிக்கு என்ன கிடைக்கிறது? பலகையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை போகிற மூலைவிட்டம் இரண்டே இரண்டுதான். ஒன்று ஏ1இலிருந்து எச்8 வரை, மற்றது எச்1இலிருந்து ஏ8 வரை. இவற்றை நீள் மூலைவிட்டம் என்போம். பி2 முதல் வகையின் மேல் இருக்கிறது. அங்கிருந்து மந்திரி பார்க்கும் கட்டங்களைச் சொல்லிப் பாருங்கள்: சி3, டி4, ஈ5, எஃப்6, ஜி7, எச்8. இதில் டி4உம் ஈ5உம் நடுக்கட்டங்கள். ஜி7உம் எச்8உம் கறுப்பு ராஜா பெரும்பாலும் போய் ஒளியும் இடத்தை ஒட்டியவை. ஓரமாக ஒரு நகர்வு, அப்புறம் மந்திரி ஒரு நகர்வு, அதற்குள் நடுவும் எதிரியின் வீடும் ஒரே கோட்டில் வந்துவிட்டன.

எண்ணிப் பார்த்தும் சொல்லலாம். பலகையில் வேறு காயே இல்லை என்று வைத்தால் சி1இல் இருக்கும் மந்திரி 7 கட்டங்களுக்குப் போகலாம், பி2இலிருந்து 9, டி4இலிருந்து 13. அப்படியானால் டி4இலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் அங்கே நிற்பவரை ஒரு சிப்பாயோ குதிரையோ விரட்டிக்கொண்டே இருக்கும். பி2இல் விரட்ட ஆளில்லை.

நான் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஒரு சின்ன வழி வைத்திருக்கிறேன். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளில் மாலை கட்டுகிற வாழை நார் கிடைக்கும். கொஞ்சம் ஈரமாக, பழுப்பு நிறத்தில், கிழித்துப் போட்டிருப்பார்கள். ஒரு நீள நாரை எடுத்து பி2இலிருந்து எச்8 வரை பலகையின் மேல் படுக்கவைப்பேன். அந்த நாரின் மேல் எந்தக் காய் வந்து உட்கார்ந்தாலும் நார் நசுங்கும். யார் காய் நசுக்குகிறது என்று பார்த்தால் போதும், மந்திரிக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். பி3 என்பது மந்திரிக்கு வாசல் திறக்கும் நகர்வு. பி2இல் உட்கார்ந்த மந்திரி நீள் மூலைவிட்டத்தைப் பிடிக்கிறார். அந்தக் கோடு நடுவின் இரண்டு கட்டங்கள் வழியாகப் போகிறது.

எல்லாம் ஈ5 என்ற ஒரு கட்டத்துக்காக

இனி உள்ளே போகலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக, முடிந்தால் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

வெள்ளை பி3 ஆடுகிறது. நடு காலியாக இருக்கிறதே என்று கறுப்பு ஈ சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஈ5இல் நிறுத்துகிறது. வெள்ளை மந்திரியை பி2க்குக் கொண்டுவருகிறது. இப்போது அந்த ஈ5 சிப்பாய் வெட்டுப்படும் நிலையில் நிற்கிறது. இரண்டாவது நகர்விலேயே கறுப்பு காவல் போட்டாக வேண்டும். வழக்கமான காவல், குதிரையை சி6க்குக் கொண்டுவருவது.

வெள்ளை ஈ3 ஆடுகிறது. சின்ன நகர்வுதான், ஆனால் எஃப்1இல் அடைபட்டிருக்கும் இன்னொரு மந்திரிக்கு அது வழி விடுகிறது. கறுப்பு ஆசையோடு டி5 ஆடுகிறது. இப்போது பாருங்கள், கறுப்புக்கு நடுவில் இரண்டு சிப்பாய்கள், வெள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. படிக்கட்டுப் பக்கம் நிற்கிற யாரும் கறுப்புதான் ஜெயிக்கிறது என்று சொல்வார்கள்.

வெள்ளையின் அடுத்த நகர்வு, எஃப்1 மந்திரி பி5க்கு. டி7இல் இருந்த சிப்பாய் போய்விட்டதால் பி5, சி6, டி7, ஈ8 என்ற கோடு திறந்து கிடக்கிறது. கோட்டின் முனையில் கறுப்பு ராஜா, நடுவில் சி6 குதிரை. குதிரை நகர்ந்தால் ராஜாவுக்கு செக். அதனால் குதிரையால் நகரவே முடியாது. பின்னால் இருக்கும் பெரிய காய்க்காக ஒரு காய் இப்படி அசையாமல் நிற்க வேண்டி வருவதைப் 'பின்' என்பார்கள். நம் வழக்கில் கட்டிப்போட்டது.

குதிரை கட்டுண்டால் ஈ5க்கு அது போட்ட காவல் வெறும் பெயருக்குத்தான். பி2 மந்திரி சிப்பாயை நிஜமாகவே வெட்ட வருகிறார். கறுப்பு அவசரமாக இன்னொரு காவல் போட வேண்டும். மந்திரியை டி6க்குக் கொண்டுவரும். அப்போது வெள்ளை எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி எஃப்4இல் நிறுத்தி, அதே ஈ5ஐ மூன்றாவது பக்கமிருந்தும் நெருக்கும். கறுப்பு அந்த எஃப்4 சிப்பாயை வெட்டினால் ஈ5 காலியாகி வாழை நார் முழுசாகத் திறந்துகொள்ளும். மந்திரி பி2இலிருந்தே ஜி7 சிப்பாயையும் அதற்குப் பின்னால் எச்8 யானையையும் பார்ப்பார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எஃப்4 ஆடினால் நம் ராஜாவின் பக்கத்துக் கதவும் திறக்கிறது. கறுப்பு ராணி எச்4க்கு வந்து செக் சொல்லும். அதற்கு ஜி3 என்று பதில் உண்டு, ஆனால் பதறாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

ஐந்து நகர்வுகளில் வெள்ளையின் மூன்று காய்கள் ஒரே கட்டத்தைப் பற்றித்தான் பேசின: பி2 மந்திரி, பி5 மந்திரி, எஃப்4 சிப்பாய். கறுப்பு முதல் நகர்வில் ஈ5 ஆடாமல் டி5 ஆடினாலும் கதை மாறுவதில்லை. அப்போது வெள்ளை ஈ3, எஃப்4 ஆடி, குதிரையை எஃப்3 வழியாக ஈ5இல் கொண்டுபோய் உட்காரவைக்கப் பார்க்கும். பின்னால் மந்திரியின் ஆதரவும் எஃப்4 சிப்பாயின் ஆதரவும் இருப்பதால் அந்தக் குதிரையைக் கிளப்புவது லேசில்லை. பி3 என்று பெயர் இருந்தாலும் இதை ஈ5 ஓப்பனிங் என்றே நான் மனசில் வைத்திருக்கிறேன்.

பொறியும் இல்லை, சோம்பலும் இல்லை

இப்போது அந்தப் பையன்கள் சொன்னதற்கு வரலாம். மேலே பார்த்ததில் பொறி எங்கே? கறுப்பு எதையும் தவறாக ஆடவில்லை. நெருக்கடி வந்தது, சமாளித்தது. இன்றைய செஸ் கம்ப்யூட்டர்களும் பி3க்குப் பிறகு நிலைமையைத் தோராயமாகச் சமம் என்றே கணிக்கின்றன. வெள்ளைக்கு முதலில் ஆடுவதால் கிடைக்கும் சின்ன அனுகூலம் கொஞ்சம் கரைகிறது, அவ்வளவுதான். பதிலுக்கு, எதிரே இருப்பவர் மனப்பாடம் செய்து வைத்த பாதையிலிருந்து இரண்டு பேரும் வெளியே வந்து சொந்தப் புத்தியில் ஆட வேண்டிய நிலைமை வருகிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

இந்த ஓப்பனிங்குக்கு லார்சன் பெயர் வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கின் பெண்ட் லார்சன் 1960களின் கடைசியிலும் 70களிலும் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். அவருக்கு முன்னால் ஆரோன் நிம்சோவிச் குதிரையை முதலில் எஃப்3க்குக் கொண்டுவந்து அப்புறம் பி3 ஆடிவந்ததால் இரண்டு பேரையும் சேர்த்து நிம்சோவிச்-லார்சன் தாக்குதல் என்றும் சொல்வார்கள். முதல் நகர்வுக்கு ஈ4தான் என்று அடித்துச் சொன்ன பாபி ஃபிஷர்கூட 1970இல் சில ஆட்டங்களை பி3 வைத்துத் தொடங்கினார். பால்மா டி மயோர்காவில் பிரேசிலின் மெக்கிங்கை அப்படித்தான் வென்றார். உலகப் பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஒருவர் முக்கியமான போட்டியில் டைம்பாஸுக்கு ஆடியிருக்க மாட்டார்.

அண்ணன் தம்பி ஓப்பனிங்குகளும் உண்டு. பி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் பி4, சொகோல்ஸ்கி ஓப்பனிங். இதற்கு ஒராங்குட்டான் என்றும் பெயர். 1924 நியூயார்க் போட்டியின்போது தார்த்தகோவர் என்ற ஆட்டக்காரர் அங்கிருந்த மிருகக்காட்சிசாலைக்குப் போய் சூசன் என்ற ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து, மரோசிக்கு எதிராக பி4 ஆடினார். வலது பக்கம் ஜி3 ஆடி மந்திரியை ஜி2இல் வைப்பது ரொம்பப் பத்திரமான வகை. ஜி4 என்று இரண்டு கட்டம் தள்ளும் கிராப் ஓப்பனிங்கைப் புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை. ராஜா போய் ஒளியப்போகும் வீட்டின் கூரையை முதல் நகர்விலேயே பிரிக்கிற வேலை அது.

இது நம் ஊர்ச் சரக்கும்கூட

ஃபியாங்கெட்டோ என்ற பெயர் இத்தாலியிலிருந்து வந்தாலும் இந்தியாவுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. செஸ் புத்தகங்களில் கிங்ஸ் இண்டியன், குயீன்ஸ் இண்டியன் என்று பெயர்கள் வரும். இரண்டிலும் கறுப்பு மந்திரி ஃபியாங்கெட்டோவில் உட்காருவார். 1850களில் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி, ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வக்கீலோடு ஏராளமான ஆட்டங்கள் ஆடினார். அந்த ஆட்டங்கள் எழுதி வைக்கப்பட்டன. நடுவில் சிப்பாய்களைக் கொட்டாமல் மந்திரியை ஜி7இல் வைத்து பானர்ஜி ஆடிய முறைதான் 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயருக்குக் காரணம். நம் பழைய ஆட்டமுறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு ஜி6 ஆடி மந்திரியைப் பின்னால் வைப்பது இயல்பாக வந்திருக்கும்.

ஐரோப்பாவில் இந்த யோசனை கொள்கையாகப் பேசப்பட்டது 1920களில். நடுவைத் தூரத்திலிருந்து ஆளலாம் என்ற அந்தப் போக்குக்கு ஹைப்பர்மாடர்ன் என்று பெயர். தார்த்தகோவர் ஒராங்குட்டானைப் பார்த்த அதே 1924 நியூயார்க் போட்டியில் ரிச்சர்ட் ரேட்டி என்ற ஐரோப்பிய ஆட்டக்காரர், எட்டு வருஷமாக ஒரு ஆட்டம்கூடத் தோற்காத உலகச் சாம்பியன் கபபிளாங்காவை வென்றார். அந்த ஆட்டத்தில் ஆறு நகர்வுக்குள் பலகையில் இருந்த நாலு மந்திரிகளும் ஃபியாங்கெட்டோவில் உட்கார்ந்துவிட்டார்கள். நேரம் கிடைத்தால் அந்த ஆறு நகர்வுகளை மட்டுமாவது பலகையில் வைத்துப் பாருங்கள், கோலம் போட்ட மாதிரி இருக்கும்.

எங்கே தவறுகிறோம்

இரண்டாவது மாடிப் பெண் ஏன் தோற்றாள் என்று இப்போது சொல்லலாம். அவள் பி3 ஆடினாள், மந்திரியை பி2இல் வைத்தாள். எதிராளி டி5 ஆடியிருந்தான். மூன்றாவது நகர்வாக அவள் டி4 ஆடினாள். நடுவைப் பிடி என்று பள்ளியில் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் டி4 எங்கே இருக்கிறது? நாரின் மேல். தன் சிப்பாயையே மந்திரிக்கு முன்னால் சுவராக எழுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு இருபது நகர்வு வரை அந்த மந்திரி எதையும் பார்க்கவில்லை. ஃபியாங்கெட்டோ போட்டுவிட்டாலே மந்திரி பலசாலி என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நான் அதிகமாகப் பார்க்கிற தவறு. மந்திரியின் பலம் அவர் பார்க்கும் தெருவில் இருக்கிறது. தெரு அடைந்தால் கோடியில் நிற்பவருக்கு வேலை இல்லை.

எதிராளியும் சுவர் எழுப்பலாம். ஈ5 சிப்பாய்க்குப் பின்னால் டி6இல் இன்னொரு சிப்பாயை முட்டுக்கொடுத்தால் பி2 மந்திரி அதில் மோதிக்கொண்டு நிற்பார். அப்போது எஃப்4 போன்ற நகர்வால் அந்தச் சுவரை அசைக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் சுவர் தானாக விழாது.

இரண்டாவது தவறு, மந்திரியை யோசிக்காமல் மாற்றிக்கொள்வது. பி2இல் சிப்பாய் இருந்தபோது ஏ3, சி3 என்ற இரண்டு கட்டங்களுக்கும் அது காவல். சிப்பாய் பி3க்குப் போனதும் அந்தக் காவல் போய்விட்டது. அதை ஈடு செய்கிறவர் மந்திரிதான். வலது பக்கம் ஜி3 ஆடி அங்கேயே ராஜாவையும் ஒளித்து வைத்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிசு. எஃப்3உம் எச்3உம் ராஜாவின் படுக்கையறை ஜன்னல்கள். ஜி2 மந்திரி அவற்றுக்கு வாட்ச்மேன். வாட்ச்மேனை ஒரு குதிரைக்காகக் கொடுத்துவிட்டால் எதிரி ராணி அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும்.

மூன்றாவது தவறுக்கு லார்சனையே சாட்சிக்குக் கூப்பிடலாம். 1970 பெல்கிரேடில் சோவியத் யூனியனுக்கும் உலக அணிக்கும் போட்டி. முதல் பலகையில் லார்சன், எதிரே அப்போதைய உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கி. லார்சன் பி3 ஆடினார். மூன்றாவது நகர்வாக சி4. அப்புறம் குதிரையை எஃப்3க்குக் கொண்டுவர, ஸ்பாஸ்கி தன் ஈ சிப்பாயை ஈ4க்குத் தள்ளி அதை விரட்டினார். ஓடிய குதிரை டி4க்குப் போய், சி6இல் கறுப்புக் குதிரையை வெட்டித் தானும் வெட்டுப்பட்டது. மூன்று நகர்வு செலவு, வந்த லாபம் ஒன்றும் இல்லை. அதற்குள் கறுப்பின் மந்திரிகள் இரண்டும் வெளியே வந்துவிட்டன. ஸ்பாஸ்கி ஒரு குதிரையைக் கொடுத்தார், அப்புறம் ஒரு யானையை எச்1இல் கொண்டுபோய் வைத்து அதையும் கொடுத்தார். 17 நகர்வில் லார்சன் தோற்றார். ஆட்டம் முடிந்தபோது அவருடைய பி1 குதிரையும் ஏ1 யானையும் கிளம்பிய இடத்திலேயே இருந்தன. பி2 மந்திரிக்கு நீள் மூலைவிட்டம் திறந்தேதான் இருந்தது, கூட வர ஒருவரும் இல்லை.

இந்த ஆட்டத்தைக் காட்டி பி3 மோசம் என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் நகர்வு சின்னதாக இருந்தால் அடுத்த நகர்வுகளில் நேரத்தை வீணாக்க முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது. அடுத்த சுற்றில் அதே ஸ்பாஸ்கியை லார்சன் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தவறுகளைச் சேர்த்துச் சொன்னால்: சொந்தச் சிப்பாயால் கோட்டை அடைப்பது, காவலுக்கு இருக்கும் மந்திரியை விலை பேசாமல் கொடுப்பது, மற்றக் காய்களை மறப்பது.

மூலையிலிருந்து எதிர்மூலை வரை

நீள் மூலைவிட்டத்தின் கதையை இன்னொரு ஆட்டத்தோடு சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14வது, கடைசி ஆட்டம். இரண்டு பேரும் ஆறரைப் புள்ளி. டிங் லிரென் வெள்ளை, நம் குகேஷ் கறுப்பு. டிங் முதலில் குதிரையை எஃப்3க்கு நகர்த்தி, அடுத்து ஜி3 ஆடி, மூன்றாவது நகர்வில் மந்திரியை ஜி2இல் வைத்தார். அதுவும் ஃபியாங்கெட்டோதான், மற்ற நீள் மூலைவிட்டத்தின் மேல்.

ஐம்பது நகர்வுக்கு மேல் போனது. அதே மந்திரி கடைசியில் அந்தக் கோட்டின் மறுமுனையில், ஏ8 மூலையில் போய் உட்கார்ந்திருந்தார். மூலையில் இருக்கும் மந்திரிக்கு ஒரே ஒரு தெருதான். 55வது நகர்வில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானையை யானையால் மாற்றிக்கொண்டு, தன் மந்திரியை டி5இல் வைத்தார். அந்த ஒரே தெருவை மறித்தாகிவிட்டது. ஏ8 மந்திரி பி7, சி6 என்று எங்கே நகர்ந்தாலும் அதே கோட்டில் வெட்டுப்படுவார், ஒதுங்க வேறு வழியில்லை. மந்திரிகளும் மாறியதும் கூடுதல் சிப்பாயோடு குகேஷ் ஜெயிக்கிற நிலை. 58 நகர்வில் ஆட்டம் முடிந்தது, 18 வயதில் உலகச் சாம்பியன்.

பி2உம் ஜி2உம் மூலைக்கு ஒரு கட்டம் முன்னால் இருப்பது ஏன் நல்லது என்று இதிலிருந்து புரியும். பி2இல் இருப்பவருக்கு நீளத் தெரு போக ஏ3க்கும் சி1க்கும் ஒரு குறுக்குச் சந்து இருக்கிறது. ஏ1இல் இருந்தால் அதுவும் இல்லை.

போன ஞாயிறு

இரண்டாவது மாடிப் பெண் மறுபடி பி3 ஆடினாள். நாரை நான் வைக்கவில்லை, பலகை வெறுமனேதான் இருந்தது. எதிரே அதே பையன், அதே டி5. மந்திரியை பி2இல் வைத்தாள். மூன்றாவது நகர்வுக்கு டி சிப்பாயின் தலையில் விரல் வைத்தாள். எடுக்கவில்லை. இன்னொரு கையின் சுட்டுவிரலால் பி2இலிருந்து எச்8 வரை காற்றில் ஒரு கோடு இழுத்தாள்.

"மாமா, இதைத் தள்ளினா ரோடு அடைஞ்சிடும் இல்ல?"

"தொட்ட காயை ஆடணும்" என்றான் பையன்.

"அப்போ டி3தான் ஆடறேன்" என்று ஒரே ஒரு கட்டம் தள்ளினாள்.